நிலத்தில் பீரங்கி கிடைத்தால் முதலில் தேய்க்காதீர்கள்

பள்ளம் தோண்டும்போது கடப்பாரை ‘ணங்’கென்று மோதி, மண்ணை விலக்கினால் துருவேறிய தடித்த உருளை. பாதிப் பேர் அதைப் பழைய தண்ணீர்க் குழாய் என்று வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். மீதிப் பேர் பீரங்கி என்று தெரிந்ததும் கம்பித் தூரிகையும் கிரைண்டரும் எடுத்துப் பளபளப்பாக்க உட்காருவார்கள். விலை போகும் பொருளைக் கெடுப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

குழாய்க்கு உலோகத் தடிமன் முழு நீளத்துக்கும் ஒரே அளவு. பீரங்கி பின்பக்கம் பருத்து, வாய் நோக்கிச் சிறுக்கும். பின்முனையில் ஒரு குமிழ் இருக்கும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் கை நீட்டியதுபோல் இரண்டு உருளை முளைகள் இருக்கும்; வண்டியில் குழல் உட்கார்ந்து ஏறி இறங்குவது இந்த ட்ரனியன் முளைகளில்தான். பின்பகுதியின் மேல்புறம் விரல் நுழையாத சிறு துளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது வெடிமருந்தைப் பற்றவைக்கும் துளை.

உள்ளே மருந்து இருக்கலாம்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பீரங்கியை 2013 ஜனவரியில் துரு நீக்கத் திறந்தார்கள். உள்ளே குண்டும், அடைப்பும், 800 கிராமுக்கு மேல் கருமருந்தும் இருந்தன. 1780இல் மூழ்கிய ஹஸ்ஸார் என்ற கப்பலின் பீரங்கி அது. கருமருந்து நனைந்தால் செத்துப்போவதில்லை. காய்ந்தால் மறுபடி பற்றலாம். ஆகவே துளையிடுவது, வெல்டிங், கிரைண்டர், தீயில் காட்டுவது, வாய்க்குள் இரும்புக் கம்பி விட்டுக் குத்துவது எதுவும் கூடாது. அருகில் உருண்டைக் குண்டு கிடந்தால் அதையும் தொடாதீர்கள். உள்ளீடற்ற குண்டுக்குள் தனியாக மருந்து அடைத்திருப்பார்கள். காவல்துறைக்குச் சொன்னால் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து பார்க்கும். மரக்குச்சி விட்டு உள்ளாழத்தை அளந்து, அது பற்றவைக்கும் துளைக்கு நேர் வரை போகிறதா என்று ஒப்பிடுவார்கள். ஒரு முழம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது: மண்ணாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம்.

நிலம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே மண்ணுக்குள் இருப்பதும் உங்களுடையது ஆகிவிடாது. பல நாடுகளில் புதைந்த தொல்பொருளை அறிவிக்காமல் வைத்திருப்பதும், விற்பதும், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். எழுத்தில் அறிவித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உரிமை தெளிவில்லாத பீரங்கியை நல்ல ஏல நிறுவனம் எதுவும் தொடாது.

தூக்குவதற்கு முன்

கிடந்தபடியே படமெடுங்கள்: அளவுகோல் வைத்து, நான்கு பக்கமும். ஆழம், வாய் பார்த்த திசை, சுற்றியுள்ள மண்ணின் நிறம், கூடவே கிடந்த ஆணி, மரத்துண்டு எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக நட்டிருந்தால் அது தெருமுனையில் வண்டி சுவரில் மோதாமல் தடுக்கும் காவல் கல்லாகவோ, படகுத்துறையில் கயிறு கட்டும் தூணாகவோ நின்றதாக இருக்கலாம். அப்படி நட்டவற்றின் வாயில் குண்டை வைத்து அடைத்துவிடும் வழக்கம் உண்டு. பற்றவைக்கும் துளையில் ஆணி அடித்திருந்தாலோ, ட்ரனியன் முளை ஒடிக்கப்பட்டிருந்தாலோ, எதிரி கையில் பயன்படக்கூடாதென்று யாரோ வேண்டுமென்றே முடக்கியது. அந்த ஆணியைப் பிடுங்காதீர்கள், அதுவும் வரலாறுதான்.

எடையைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீளமும் சராசரி 24 செ.மீ. வெளிவிட்டமும் 9 செ.மீ. துளையும் உள்ள வார்ப்பிரும்புக் குழல் 400 கிலோவைத் தாண்டும். முளைகளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அகலமான நைலான் பட்டைகள் போட்டுத் தூக்குங்கள். சங்கிலி வேண்டாம். பின்குமிழில் கயிறு கட்டி இழுத்தால் குமிழ் மட்டும் கையோடு வரும்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், நெடுநாள் ஈரத்தில், அதுவும் உப்பு மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் இரும்பு கரைந்து போயிருக்கும்; மிஞ்சுவது கிராஃபைட். வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. பென்சில் கரி மாதிரி கறுத்து, நகத்தால் கீறினாலே கோடு விழும். ஆண்டு, முத்திரை, எடை எண் எல்லாம் அந்தச் சில மில்லிமீட்டர் தோலில்தான் இருக்கின்றன. கம்பித் தூரிகை ஐந்து நிமிடத்தில் அதை வழித்துவிடும். மணல் பீச்சுவதும் அமிலம் ஊற்றுவதும் அதைவிட மோசம்.

இரும்பை உடனே காயவிடாதீர்கள். உப்பு உள்ளே இருந்தால் காயும்போது பாளம் பாளமாகப் பெயரும், ஆரஞ்சு நிறத்தில் துளித்துளியாக வியர்க்கும். ஈரச் சாக்கு சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநர் வரும்வரை நனைத்தபடியே வையுங்கள். அவர்கள் காரக்கரைசலில் போட்டு, சிறு மின்சாரம் செலுத்தி உப்பை இழுப்பார்கள். மாதங்கள் ஆகும், பெரிய குழலுக்கு ஆண்டுகளும் ஆகும். கடைசியில் பாதுகாப்புப் படலமாக டானிக் அமிலமும் மெழுகும் பூசுவார்கள்.

வெண்கலத்துக்கு இது நேர்மாறு, உலரவே வைக்க வேண்டும். கெட்டியான பச்சைப் பூச்சு நல்லது, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைத் தூளாக உதிரும் புள்ளிகள் நோய்; ஈரம் பட்டால் பரவும். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

யாருடையது, எந்தக் காலம்

நீளத்தைப் பின்வளையத்திலிருந்து வாய் வரை அளப்பதே மரபு. பின்குமிழைச் சேர்க்க மாட்டார்கள். துளை விட்டத்திலிருந்து குண்டின் எடை தெரியும். பிரிட்டிஷ் அளவில் ஏறக்குறைய 93 மி.மீ. என்றால் 6 பவுண்டர் (6 பவுண்டு குண்டு சுடுவது), 107 என்றால் 9, 117 என்றால் 12, 148 என்றால் 24. துரு துளையை அகட்டவும் அடைக்கவும் செய்யும் என்பதால் ஓரிரு மி.மீ. முன்பின் இருக்கும்.

குறிகளைப் பகலில் தேடாதீர்கள். இருட்டில் டார்ச்சைக் குழலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியாத எழுத்தும் நிழல் போட்டு எழும். முளைகளின் தட்டையான முகம், மேல்முதுகு, பின்வளையம் ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து. முளையில் ‘எஃப்’ என்ற எழுத்து சுவீடனின் ஃபின்ஸ்போங் வார்ப்பாலையைக் காட்டும். ‘கேரன்’ என்ற பெயர் ஸ்காட்லாந்து ஆலை. பெரிய ‘வி’யின் இரு கால்களிலும் ‘ஓ’, ‘சி’ கோத்த முத்திரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம் வ.உ.சி. அல்ல!

12 – 2 – 14 என்பதுபோல் மூன்று எண்கள் இருந்தால் அது தேதி இல்லை, பிரிட்டிஷ் எடை. முதல் எண்ணை 112ஆலும், இரண்டாவதை 28ஆலும் பெருக்கி மூன்றாவதோடு கூட்டினால் 1,414 பவுண்டு, சுமார் 641 கிலோ. எடைமேடையில் நிறுத்துப் பாருங்கள். துருவில் கொஞ்சம் குறைந்திருந்தால் சரி. பாதிதான் இருந்தால் அந்த எண்களை நம்பாதீர்கள்.

போலியும் அலங்காரப் பிரதியும் ஏராளம். நீளவாக்கில் ஓடும் அச்சுத் தையல் கோடு, உள்ளே சொருகிய எஃகுக் குழாய், பாதியில் நின்றுவிடும் பற்றவைக்கும் துளை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் யோசியுங்கள். பழைய பீரங்கிகளைப் பெரும்பாலும் குழியில் நிறுத்தி, களிமண் அச்சில் வார்த்தார்கள். அதில் அந்தக் கோடு விழாது.

விலை

பெரிதாக இருந்தால் அதிக விலை என்பது தவறான கணக்கு. குறியில்லாத இரண்டு டன் இரும்புக் குழலை வாங்க ஆள் குறைவு. வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். வரவேற்பறையில் வைக்கக்கூடிய சிறிய வெண்கலப் பீரங்கி, ஆண்டும் வார்ப்பவர் பெயரும் இருந்தால், அதைவிடப் பலமடங்கு போகும். ஒடிந்த முளை விலையை இறக்கும். புதிதாகச் செய்த மரவண்டி அழகுக்குத்தான், பழமைக்கு அல்ல.

அருங்காட்சியக வல்லுநர்களிடம் அடையாளத்தைக் கேளுங்கள். விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை. விலைக்குப் பழைய ஆயுதங்களை ஏலம் விடும் இரு நிறுவனங்களிடம் தனித்தனியே மதிப்பீடு வாங்குங்கள். வாங்க வந்திருப்பவரையே மதிப்பிடச் சொல்லாதீர்கள். இணையத்தில் போட்டிருக்கும் கேட்கும் விலை வெறும் ஆசை. ஏலத்தில் உண்மையில் போன விலையைப் பாருங்கள். அதிலும் வாங்குபவர் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். காப்பீட்டு மதிப்பு பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும், அந்தத் தொகை கைக்கு வராது. கிடைத்த எண்ணிலிருந்து தொல்பொருள் பாதுகாப்புச் செலவு, கிரேன், வண்டிக்கூலி, விற்பவர் கமிஷன், வரி ஆகியவற்றைக் கழித்துவிட்டு விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். விற்பதானால், குழியில் கிடந்த படங்கள், அறிவித்த ஒப்புகை, மருந்து இல்லை என்ற சான்று மூன்றும் பொருளோடு சேர்ந்தே போகட்டும். அசல்களை நீங்களும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.