ஹோம்ஸ்கூலிங் பண்றவங்களுக்கு இலவச ஆன்லைன் பாடங்கள்: எதை எடுக்கலாம், எப்படி பயன்படுத்தலாம்

ஹோம்ஸ்கூலிங் ஆரம்பிச்ச முதல் மாசம் நான் என்ன பண்ணேன்னா, பசங்க தூங்கினதும் லேப்டாப்ப திறந்து வச்சுக்கிட்டு இலவசமா கிடைக்கிற சைட்டா தேடித் தேடி புக்மார்க் பண்ணி சேர்த்தேன், மாசக் கடைசில எண்ணிப் பாத்தா 60க்கு மேல இருந்துச்சு. அதுல பசங்க உருப்படியா தொட்டது நாலு. அந்த நாலுலதான் அவங்க நிஜமாவே ஏதாவது கத்துக்கிட்டாங்க. இலவசமா பாடம் இன்னைக்கு கொட்டிக் கிடக்கு, ஆனா குழந்தை பக்கத்துல உக்காந்து "இத ஏன் இப்படி போட்ட"ன்னு கேக்கிற நேரம் நம்மகிட்ட கொஞ்சம்தான் இருக்கு, அந்த நேரத்த எந்த சைட்டுக்கு குடுக்கப் போறோம்கிறதத்தான் நாம முடிவு பண்ணணும். அதனால அகலக்கால் வைக்காம, ஒரு பாடத்துக்கு ஒன்னுன்னு எப்படி எடுக்கிறதுன்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

தேடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க. உங்க புள்ளைக்கு இப்ப என்ன வரும், என்ன வரல, எதுல ஆசை, இந்த மூணையும் எழுதுங்க. "கணக்கு வீக்"னு எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல, "ரெண்டு இலக்கத்துல கடன் வாங்கி கழிக்கிறப்ப தடுமாறுறா"ன்னு எழுதினாத்தான் எத தேடணும்னு தெரியும். இத எழுதாம நேரா கூகுள்ல எறங்கினா கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி ஆயிடும், என் அனுபவத்துல சொல்றேன்.

அடுத்து, எந்த சைட்டா இருந்தாலும் புள்ளகிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க 20 நிமிஷம் உக்காந்து ஒரு மாணவன் மாதிரி அத பண்ணிப் பாருங்க. விளம்பரம் வருதா, வேணும்னே தப்பா பதில் போட்டா என்ன சொல்லுது, வெறும் "தப்பு"ன்னு மட்டும் காட்டுதா இல்ல ஏன்னு விளக்குதா, குழந்தையோட போட்டோ, பிறந்த தேதி எல்லாம் கேக்குதா, எல்லாத்தையும் பாருங்க. முக்கியமா கார்டு நம்பர் கேட்டா அப்பவே மூடிடுங்க, அது இலவசம் கிடையாது, ட்ரயல். ஒரு சைட்ல ஏழு நாள் இலவசம்னு போட்டிருந்தத நம்பி கார்ட குடுத்துட்டு நிறுத்த மறந்து, ஒரு வருஷத்துக்கான காச மொத்தமா எடுத்துட்டாங்க, திரும்ப வாங்க மூணு வாரம் மெயில் மேல மெயில் போட்டேன். அதுலேர்ந்து லாப நோக்கம் இல்லாத அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் நடத்துறதத்தான் முதல்ல பாக்கிறேன்.

கணக்குக்கு கான் அகாடமி. 2008ல சல்மான் கான்ங்கிறவர் ஆரம்பிச்சது, விளம்பரம் கிடையாது, நன்கொடைல ஓடுது. நிறைய பேர் இத வீடியோ பாக்கிற இடம்னு நினைச்சுக்கிட்டு வீடியோவா போட்டு விடுறாங்க, ஆனா இதோட பலம் பயிற்சிக் கணக்குலதான் இருக்கு. நீங்க பெற்றோர் அக்கவுன்ட் ஒன்னு திறந்து அதுக்கு கீழ புள்ளைய சேர்த்துக்கோங்க, அப்ப அவங்க என்ன பண்ணாங்க, எதுல தப்பு விட்டாங்கன்னு உங்களுக்கு தெரியும். வயசுக்கு என்ன வகுப்போ அதுக்கு ஒரு வகுப்பு கம்மியா ஆரம்பிங்க, அதுல கோர்ஸ் சேலஞ்ச்னு ஒரு பரீட்சை இருக்கு, அத முதல் நாளே போட வச்சா எந்த அத்தியாயம் ஓட்டைன்னு வெளிய வந்துடும். மார்க்க பாத்து புள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க, அது உங்களுக்கான தகவல், அவ்வளவுதான்.

எங்க வீட்ல பெரியவளுக்கு நீள் வகுத்தல் வரவே வரல, ரெண்டு வாரம் அதையே போட்டு போட்டு அழுகை. அப்புறம் அவ ரஃப் நோட்ட வாங்கி வரி வரியா பாத்தப்பதான் தெரிஞ்சது, வகுக்கிறது அவளுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு, நடுவுல வர்ற கழித்தல்லதான் ஒவ்வொரு தடவையும் தப்பாகுது. ரெண்டு வகுப்பு பின்னாடி போயி கழித்தல் பயிற்சிய மட்டும் ஒரு வாரம் போட்டோம், திரும்பி வந்தப்ப வகுத்தல் தானா வந்துடுச்சு. ஸ்கூல்ல இப்படி பின்னாடி போக யாருக்கும் நேரம் இருக்காது, வீட்ல நம்மால முடியும். இதுக்கு ஒரு விதி மட்டும் கண்டிப்பா வைங்க: ஸ்க்ரீன்ல பதில் போடுறதுக்கு முன்னாடி பேப்பர்ல போட்டிருக்கணும். இல்லன்னா பசங்க ஹின்ட் பட்டன அமுக்கி அமுக்கி ஓட்டிடுவாங்க, பச்சை டிக் வரும், மண்டைல ஒன்னும் நிக்காது.

ரெண்டு வயசுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும் கான் அகாடமி கிட்ஸ்னு தனியா ஒரு ஆப் இருக்கு, அதுவும் முழுசா இலவசம். ஆனா அது முக்கியமா ஆங்கிலத்துல இருக்கு, அதனால சின்னப் புள்ளைய தனியா விட்டுட்டு போகாம பக்கத்துல உக்காந்து அத நம்ம மொழில பேசிக்கிட்டே பண்ணுங்க. பெரிய பசங்களுக்கு வடிவியலும் கிராஃபும் வர்றப்ப ஜியோஜீப்ரா வச்சுக்கோங்க, முக்கோணத்தோட மூலைய புடிச்சு இழுக்க இழுக்க கோணம் மாறும், ஆனா மூணையும் கூட்டினா 180 அப்படியே இருக்கும், இத கையால இழுத்துப் பாத்த குழந்தைக்கு அந்த தேற்றத்த மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

அறிவியலுக்கு எனக்கு ரொம்ப பிடிச்சது ஃபெட் (PhET), ஸ்க்ரீன்லயே சோதனை பண்ணிப் பாக்கிற சிமுலேஷன்கள் இருக்கிற சைட். கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002ல கார்ல் வீமன் ஆரம்பிச்சது, அவர் அதுக்கு முந்தின வருஷம் இயற்பியல்ல நோபல் பரிசு வாங்கினவர். பிரவுசர்லயே ஓடும், அக்கவுன்ட் எதுவும் வேண்டாம், சில சிமுலேஷன் தமிழ்லயும் இருக்கு. இத எப்படி பயன்படுத்துறதுங்கிறதுலதான் நான் ரொம்ப நாள் தப்பு பண்ணிக்கிட்டிருந்தேன். சிமுலேஷன திறந்த உடனே "இங்க அமுக்கு, இப்ப அங்க அமுக்கு"ன்னு நானே சொல்லிக்கிட்டிருப்பேன், பையன் பத்தே நிமிஷத்துல எழுந்து ஓடிடுவான். இப்ப முதல் 15 நிமிஷம் வாயே திறக்கிறதில்ல, அவன் இஷ்டத்துக்கு நோண்டட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. மின்சுற்று சிமுலேஷன்னா, "ஒரு பல்ப் எரியுது, அதே வயர்ல வரிசையா இன்னொரு பல்ப் மாட்டினா வெளிச்சம் கூடுமா குறையுமா?" பதில முதல்ல நோட்டுல எழுதணும், எழுதின அப்புறம்தான் மாட்டிப் பாக்கணும். எங்க வீட்ல சின்னவன் "ரெண்டு பல்ப் இருந்தா வெளிச்சம் ரெண்டு மடங்கு"ன்னு அடிச்சு எழுதினான், ரெண்டும் மங்கலா எரிஞ்சத பாத்துட்டு அவன் முகத்த பாக்கணுமே, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அவனா விதவிதமா மாட்டிக்கிட்டிருந்தான், பக்கவாட்டுல தனித்தனி பாதைல மாட்டினா ரெண்டும் முழுசா எரியுதுன்னு அவனே கண்டுபிடிச்சான். பல்பே இல்லாம வெறும் வயர பேட்டரியோட ரெண்டு முனைலயும் மாட்டினா அதுல தீ எரியுற மாதிரி காட்டும், ஷார்ட் சர்க்யூட்னா என்னன்னு பயமில்லாம பாத்துக்கலாம். முடிஞ்சா மறுநாளே ஒரு டார்ச் செல், சின்ன பல்ப், கொஞ்சம் வயர் வச்சு கையால பண்ண வைங்க. வீட்டு கரண்ட் பக்கம் மட்டும் போகவே கூடாதுன்னு அப்பவே சொல்லிடுங்க.

வெளிய போறப்ப ரெண்டு ஆப் போதும். சீக்னு (Seek) ஒன்னு, செடி, பூச்சி, பறவைய பாத்து பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் சைட்காரங்களோடது, இலையையோ பூச்சியையோ கேமராவுல காட்டினா என்னன்னு சொல்லும், அக்கவுன்ட் வேண்டாம்கிறதால குழந்தைங்களுக்கு நல்லது. இன்னொன்னு மெர்லின், கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் பண்ணினது, பறவை சத்தத்த கேட்டே பேர் சொல்லும். ரெண்டும் சில நேரம் தப்பா சொல்லும், அதுவும் நல்லதுதான், "ஆப் சொன்னது சரியா"ன்னு ஒரு புக்க வச்சோ விக்கிபீடியாவ வச்சோ சரிபாக்க பழக்குங்க. வானத்துல நட்சத்திரம், கிரகம் எங்க இருக்குன்னு பாக்க ஸ்டெல்லேரியம், கம்ப்யூட்டர்ல போடுறது இலவசம்.

படிக்கிறதுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ்ங்கிற பதிப்பகம் 2015ல ஆரம்பிச்சது, தமிழ்லயும் நிறைய படக்கதை இருக்கு, நிலை ஒன்னு, ரெண்டுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, டவுன்லோடு பண்ணி பிரின்ட் போடலாம், லைசன்ஸே அப்படித்தான், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. இதுல அதிகம் பேர் கண்டுக்காத விஷயம், ஒரே கதைய ரெண்டு மொழில எடுக்கலாம். முதல்ல தமிழ்ல படிச்சுட்டு அப்புறம் அதே கதைய ஆங்கிலத்துல படிச்சா கதை ஏற்கனவே தெரியும்கிறதால புது வார்த்தை பயமுறுத்தாது. பத்து வயசுக்கு மேல இருந்தா மொழிபெயர்க்கவே சொல்லுங்க, ஒரு 12 பக்க கதைய மொழிபெயர்க்கிற குழந்தை இலக்கணப் பயிற்சில ஒரு மாசம் கத்துக்கிறத அதுல கத்துக்கும்.

தமிழ் எழுத்து ஆரம்பத்துலேர்ந்து வேணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்துல மழலைக் கல்வி பாடங்கள் இருக்கு, ஒலியோட வரும். தமிழ் பேசாத ஊர்ல வளர்ற புள்ளைங்களுக்கு இது பெரிய உதவி, ஆனா ளகர, ழகர, லகரத்த உங்க வாயால சொல்லிக் காட்டினாத்தான் படியும். பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம், 1998லேர்ந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி ஏத்தின நூல்கள், இது குழந்தை நேரா படிக்கிறதுக்கில்ல, நீங்க எடுத்து தினம் ஒரு பாட்டு படிச்சுக் காட்டுறதுக்கு. ஆங்கிலத்துல பழைய புத்தகங்கள் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல இருக்கு, அதே புத்தகத்த லிப்ரிவாக்ஸ்ல யாராவது வாசிச்சு ஏத்தியிருப்பாங்க, காதுல கேட்டுக்கிட்டே கண்ணால வரிய தொடர்ந்து போகச் சொல்லுங்க, உச்சரிப்பும் வரும். லிப்ரிவாக்ஸ்ல வாசிக்கிறவங்க எல்லாருமே தன்னார்வலர்கள், அதனால குரல் ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், முதல் அத்தியாயத்த நீங்க கேட்டுட்டு குடுங்க.

கோடிங்குக்கு ஸ்க்ராட்ச், அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல உருவானது, எட்டு வயசுலேர்ந்து 16 வரைக்கும்னு அவங்களே சொல்றாங்க, அதுக்கு கீழன்னா ஸ்க்ராட்ச் ஜூனியர். வகுப்பு, கோர்ஸ்னு எதுவும் தேட வேண்டாம், அடுத்தவங்க பண்ண ஒரு கேம திறந்து உள்ள போயி அதுல ஒரே ஒரு விஷயத்த மாத்தச் சொல்லுங்க, வேகத்த மாத்து, பூனைக்கு பதிலா வேற உருவம் போடு, அப்படி. அதுலேர்ந்து அவங்களே போயிடுவாங்க. செஸ்ஸுக்கு லிசெஸ் இருக்கு, விளம்பரமே கிடையாது.

13, 14 வயசுக்கு மேல போயிட்டா சிகே-12, ஓப்பன்ஸ்டாக்ஸ் ரெண்டுலயும் முழு பாடப்புத்தகம் இலவசமா கிடைக்கும். ஓப்பன்ஸ்டாக்ஸ் கல்லூரி அளவு, அத மொத்தமா ஒப்படைக்காம ஆசைப்பட்ட ஒரு அத்தியாயத்த குடுத்துப் பாருங்க.

நெட் சரியா இல்லாதவங்களுக்கு கிவிக்ஸ். விக்கிபீடியாவ அப்படியே டவுன்லோடு பண்ணி நெட் இல்லாம படிக்கலாம், தமிழ் விக்கிபீடியாவும் கிடைக்கும். படத்தோட முழு ஆங்கில விக்கிபீடியா 100 ஜிபி பக்கம் வரும், அது வேண்டாம், படம் இல்லாததோ ஒரு துறைக்கு மட்டும் உள்ளதோ எடுத்துக்கோங்க. ஃபெட்டும் இப்படி ஆஃப்லைன்ல போட்டுக்கலாம். நெட் நல்லா இருக்கிறவங்களுக்கும் இத சொல்வேன், ஏன்னா நெட்ட அணைச்சுட்டு ஒரு லேப்டாப்ப புள்ளகிட்ட குடுக்க முடியிறது எவ்வளவு நிம்மதின்னு குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். யூடியூப் போடணும்னா நீங்க முன்கூட்டியே பாத்து பிளேலிஸ்ட் போட்டு வச்சு, ஆட்டோபிளேய அணைச்சுட்டு குடுங்க, தேடுற வேலைய புள்ளகிட்ட விடாதீங்க.

பதிவு வச்சுக்கிறத தள்ளிப் போடாதீங்க. வீட்ல படிக்க வைக்கிற சட்டம் நாட்டுக்கு நாடு வேற, சில இடத்துல அனுமதியே இல்ல, சில இடத்துல வருஷா வருஷம் என்ன படிச்சாங்கன்னு காட்டணும், அதனால உங்க ஊர் விதிய முதல்லயே அரசாங்க சைட்ல படிச்சுடுங்க. ஆப் காட்டுற முன்னேற்றக் கோடு, பேட்ஜ் இதெல்லாம் என்னைக்கு வேணா காணாம போகும், அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் 15 நிமிஷம் ஒதுக்கி அந்த வாரத்து நோட்டுப் பக்கங்கள போட்டோ எடுத்து தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல போட்டுடுங்க.

முதல் வாரம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, திங்கள் அந்த கோர்ஸ் சேலஞ்ச் மட்டும், வேற எதுவும் வேண்டாம். செவ்வாய்லேர்ந்து காலைல அரை மணி நேரம் கணக்கு, அப்புறம் ஒரு கதை சத்தமா படிக்கிறது, வாரத்துல ரெண்டு நாள் ஃபெட், மிச்ச நேரம் ஸ்க்ரீன் இல்லாம. நாலு வாரம் எதையும் மாத்தாதீங்க, புதுசா யாராவது சூப்பர் சைட்னு லிங்க் அனுப்பினா நோட்டோட கடைசி பக்கத்துல எழுதி வைங்க. நாலு வாரம் கழிச்சு புள்ளகிட்டயே கேளுங்க, "இதுல எத விட்டா உனக்கு கஷ்டமா இருக்கும்?" அவங்க சொல்லாத ஒன்ன எடுத்துட்டு கடைசி பக்கத்துலேர்ந்து ஒன்ன உள்ள கொண்டு வாங்க.