அண்ணன் தம்பி மேளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கோயில் திருவிழாவில் அண்ணன் தம்பி இருவர் நாயனம் (நாதஸ்வரம்) வாசித்தார்கள். 16, 18 வயது இருக்கும். நல்ல மூச்சு, நல்ல பாடாந்தரம். ஆனால் சின்னவன் வாசித்த நேரத்தைவிட அண்ணன் முகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். 30 வருடங்களுக்கு முன் நானும் என் தம்பியும் நின்ற கோலம் அது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனேன். பெரியவனின் மிடுக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். சாதகம் செய், நேரத்துக்குப் போய் நில் என்பதையெல்லாம் உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார்.

ஆளுக்கொரு பட்டறையில் நாயனம் வாங்குவது

நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்குப் போனால் இரண்டையும் ஒருவரிடமே கடையச் சொல்லுங்கள். ஆச்சா மரம் ஒன்றுதான், துளை போடும் கை வேறு. இரண்டும் இரண்டரைக் கட்டை சுருதி என்றுதான் கொடுப்பார்கள். சேர்த்து ஊதினால் மேல் ஸ்தாயியில் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும்.

ராகத்தை எப்போதும் ஒருவரே எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும். கீர்த்தனையில் இரண்டு நாயனமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். இணைந்து நாயனம் வாசித்த திருவீழிமிழலை சகோதரர்களைச் சொல்லித்தான் அப்பா எங்களை வளர்த்தார். நான் அதை ராகத்துக்கும் சேர்த்துப் பொருள் பண்ணிக்கொண்டேன். ஆலாபனையை நான் தொடங்குவேன். பஞ்சமத்தில் மூச்சு வாங்கும்போது தம்பி பிடித்துக்கொள்வான். இரண்டு பிடி வாசித்து என்னிடமே திருப்பிக் கொடுப்பான். 14 வருடம் இப்படி. கேட்டவர்கள் ‘என்ன ஒற்றுமை’ என்றார்கள். ஒற்றுமையாவது, மண்ணாவது.

ஒரு வைகாசித் திருவிழா. அடுத்தடுத்துக் கல்யாணங்கள் வாசித்ததில் எனக்கு ஈறு வீங்கி, ஊதுகிற நாணல் சீவாளியை வாயில் வைக்க முடியவில்லை. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரியைத் தம்பி பிசிறில்லாமல் வாசித்தான். அது பாடம் செய்த உருப்படி; ராகம் அப்படியல்ல. கீழவீதி திரும்பியதும் ‘கல்யாணி எடு’ என்றேன். நாலு பிடி வாசித்துப் பஞ்சமத்துக்கு வந்தான். நின்றான். நான் வாங்கிக்கொள்வேன் என்று பழக்கதோஷத்தில் நிற்கிறான். சுருதிப்பெட்டி மட்டும் கேட்கிறது. தவில்காரர் என்னைப் பார்க்கிறார். மறுபடி தொடங்கினான்; மறுபடி அதே இடம். மூன்றாம் தடவை வியர்த்துப்போய், ராகத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெரிந்த கீர்த்தனை ஒன்றுக்குள் நுழைந்துகொண்டான். நான்கு வீதியும் கீர்த்தனையிலேயே கழிந்தன. அடுத்த வருடம் அந்தக் கோயிலிலிருந்து எங்களைக் கூப்பிடவில்லை.

வழியெல்லாம் அவனைத் திட்டினேன். ஊரில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்: “அண்ணே, ஒரு நாளாவது என்னை எடுக்க விட்டிருக்கிறாயா?”

அதன்பிறகு வீதிகளைப் பிரித்துக்கொண்டோம், இரண்டு எனக்கு, இரண்டு அவனுக்கு. அவன் வீதியில் நான் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு ஒத்து ஊதுவேன். அண்ணனாகப் பிறந்தவனுக்கு அதைவிடக் கடினமான சாதகம் கிடையாது. விரல் தானாகத் துடிக்கும். கல்யாணியில் அவன் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பான். நான் ஒருநாளும் அங்கே அப்படி நின்றதில்லை. முதல் ஆறு மாதம் அது எனக்குத் தப்பாகத்தான் பட்டது.

நோட்டீஸில் ‘குழுவினர்’

அண்ணன் பெயரைப் பெரிதாகப் போட்டுப் பக்கத்தில் ‘குழுவினர்’ என்று அச்சடிப்பார்கள். தம்பி அந்தக் குழுவினருக்குள் எங்கேயோ இருப்பான். சேர்ந்து பாடிய ஆலத்தூர் சகோதரர்கள் கூடப்பிறந்தவர்களே அல்லர். அவர்கள் ஒரே பெயரில் சரிசமமாக நின்றார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் கோயில்காரரிடம் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணம்

தவிலுக்கும் தாளத்துக்கும் கொடுத்த பிறகு மிச்சத்தை வண்டியிலேயே பிரித்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சீவாளி

இரவல் வேண்டாம். தம்பியுடையதாக இருந்தாலும்.