பண்டிகைக் காலத்தில் நாவலை ஆறவிடாமல் காப்பது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன்பு பண்டிகை விடுமுறைக்காக நாவலைப் பன்னிரண்டு நாட்கள் மூடி வைத்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிய மறுநாள் காலை கோப்பைத் திறந்தால், வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல இருந்தது. அந்தப் பெண் ஏன் கோபமாக இருக்கிறாள், அவள் கையில் இருக்கும் சாவி எந்த அறையுடையது, எதுவும் நினைவில் இல்லை. சரி, முதலிலிருந்து படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். படிக்கும்போதே கை திருத்த ஆரம்பித்தது. முதல் ஐந்து அத்தியாயங்களையும் மாற்றி எழுதிவிட்டு, மறுபடி பதினெட்டாம் அத்தியாயத்துக்கு வந்து சேர ஏழு வாரங்கள் ஆயின. பன்னிரண்டு நாள் ஓய்வுக்கு நான் கொடுத்த விலை அது.

எழுதாமல் இருந்தது தவறு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. எப்படி நிறுத்தினேன் என்பதில்தான் தவறு. அதன் பிறகு வந்த பண்டிகைக் காலங்களில் நான் கடைப்பிடித்த முறையைக் கீழே எழுதுகிறேன். நாவலோ குறுநாவலோ பாதியில் நிற்பவர்களுக்கானது இது. சிறுகதை எழுதுபவர்கள் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது பிறகு தொடங்குங்கள். அவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

1. நாட்களை எண்ணுங்கள்

நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு நாளுக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: எழுதவே முடியாத நாள், பத்து நிமிடம் கிடைக்கும் நாள், வழக்கமான நாள். பயண நாட்கள், பண்டிகை நாள், அதற்கு முந்தைய நாள் ஆகியவை முதல் வகை. இதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். "ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று நினைக்கும் நாளில் நீங்களும் தூங்கிவிடுவீர்கள்.

2. சொல் கணக்கைக் கைவிடுங்கள்

இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. தினமும் இத்தனை சொற்கள் என்ற பழக்கம் வழக்கமான மாதங்களில் நல்லதுதான். விடுமுறையில் அது கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். 1999-இல் தொடங்கி, 2025-இல் மூடப்பட்ட 'நானோரைமோ' என்ற நாவல் மாத முயற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாதம் முப்பது நாட்களில் 50,000 சொற்கள் என்பது அதன் இலக்காக இருந்தது, அதாவது நாளைக்கு 1,667. நடுவில் ஆறு நாட்கள் போய்விட்டால் மிச்சமிருக்கும் 24 நாட்களும் 2,083 சொற்கள் எழுதியாக வேண்டும். உறவினர் வந்த ஆறு நாட்களுக்காக மற்ற எல்லா நாளும் தண்டனை ஆகிவிடுகிறது.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எண்கள் ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்டவை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு ஆறேழு சொற்களாவது வேண்டும். அதே 50,000 தமிழில் இன்னும் பெரிய நாவல். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். நானும் பல வருடம் அப்படித் திட்டிக்கொண்டவள்தான்.

விடுமுறைக்கு என் இலக்கு ஒன்றே ஒன்று: கணினியிலோ நோட்டிலோ நாவலைத் தொடாமல் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் போகக்கூடாது.

3. மூடும் நாள்: இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்

இந்தப் படியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் பரவாயில்லை. இதை மட்டும் விடாதீர்கள்.

விடுமுறைக்கு முந்தைய கடைசி எழுத்து நாளில் நமக்கு ஓர் ஆசை வரும், அத்தியாயத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் போக வேண்டும் என்று. முடிக்காதீர்கள். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். 1958-இல் வெளிவந்த ஒரு பேட்டியில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே தன் அன்றாட வழக்கமாக இதைத்தான் சொன்னார். அவருக்கு இடைவெளி ஓர் இரவு. நமக்குப் பத்து நாட்கள். அதனால் நம் தலையில் இருப்பது போதாது, எழுதி வைக்க வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் கதையில் ஒரு வரிகூடச் சேர்க்காமல், ஒரு குறிப்பு மட்டும் எழுதுகிறேன். முதல் முறை நான் எழுதிய குறிப்பு எப்படி இருந்தது தெரியுமா? "அக்கா தம்பி சண்டை, பிறகு உயில் விஷயம்." எழுதியபோது எல்லாம் தெளிவாக இருந்தது. பதினோரு நாட்கள் கழித்துப் பார்த்தபோது அதிலிருந்து ஒன்றும் எழவில்லை. என்ன நடக்கும் என்பது இருந்தது, யார் மனதில் என்ன இருக்கிறது என்பது இல்லை. இப்போது எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"தம்பி வாசலில் நிற்கிறான். மழை விட்டுவிட்டது, அவன் சட்டை இன்னும் ஈரம். அக்கா கதவுக்கு உள்ளே நிற்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கு அவன் மேல் கோபம் இல்லை, அவன் அப்பாவைப் போலவே செருமுகிறான் என்பதுதான் தாங்கவில்லை. வாசகருக்கு உயில் பற்றி இன்னும் தெரியாது. அடுத்த வரி அவள் பேசுவது: 'செருப்பை வெளியிலேயே விடு.' அதன் பிறகு அவன் உள்ளே வருவானா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்."

இதில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. உடல்கள் எங்கே இருக்கின்றன, ஒவ்வொருவர் மனதிலும் என்ன ஓடுகிறது, வாசகருக்கு இதுவரை எவ்வளவு தெரியும், அடுத்த ஒரு வரி முழுமையாக, எனக்கே தீராத கேள்வி ஒன்று. அடுத்த வரியைச் சுருக்கி எழுதாதீர்கள். மேற்கோள் குறியோடு, அந்தப் பாத்திரம் பேசும் அதே வழக்கில் எழுதுங்கள். திரும்பி வரும் நாளில் நீங்கள் முதலில் தட்டச்சு செய்யப் போவது அந்த வரியைத்தான்.

இந்தக் குறிப்பு வீட்டு மனிதர்களுக்கும் நல்லது. பாதியில் விட்ட வேலை சாப்பாட்டு மேசையில்கூட மனதைக் குடையும். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலைக்குத் திட்டவட்டமான திட்டம் ஒன்றை எழுதி வைத்தாலே அந்தக் குடைச்சல் அடங்குகிறது என்று கண்டார்கள். வேலையை முடிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. என் அனுபவமும் அதுதான். குறிப்பு எழுதிய வருடங்களில்தான் அத்தை பேசுவது என் காதில் விழுந்தது.

4. பத்து நிமிட நாட்கள்

பத்து நிமிடத்தில் என்ன எழுதிவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஆந்தனி டிரோலப்பைச் சொல்வேன். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஏராளமான நாவல்களை எழுதியவர். கைக்கடிகாரம் பரவலாகாத 19-ஆம் நூற்றாண்டில், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்தார். அவர் வேகம் எனக்கு இல்லை. ஆனால் கால் மணி நேரத்தை அவர் ஒரு முழு அலகாக மதித்தார், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

பத்து நிமிடத்தில் மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். படித்தால் திருத்துவீர்கள், நேரம் முடிந்துவிடும். நான் மூன்றில் ஒன்றைச் செய்வேன்: ஒரு பாத்திரம் இன்னொருவருக்கு எழுதாத கடிதத்தில் நாலு வரி, ஏற்கெனவே வந்த ஓர் இடத்தின் வாசனையும் சத்தமும், அல்லது குறிப்பில் விட்ட அந்தத் தீராத கேள்விக்கு ஒரு பதில். இவற்றில் பெரும்பகுதி நாவலில் சேராது. சேரவேண்டிய அவசியமும் இல்லை, அந்த மனிதர்களின் குரல் நம் காதில் இருந்தால் போதும்.

கருவி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. விடுமுறையில் சட்டைப் பையில் அடங்கும் நோட்டும் பேனாவும்தான் முதல் இடம். கைப்பேசியைத் திறந்தால் வாழ்த்துச் செய்திகள் வரிசை கட்டி நிற்கும், ஒன்றுக்குப் பதில் போடுவதற்குள் உங்கள் பத்து நிமிடம் போய்விடும். கணினியில் நான் ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளில்தான் நாவல் எழுதுகிறேன், நீண்ட கதைக்கு அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் பயணத்தில் அதைத் தொடமாட்டேன். ஒரே கோப்பை இரண்டு கருவிகளில் திறந்து வைத்து, எது புதிய பிரதி என்று தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் போனது. கூகுள் டாக்ஸ் வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன்பே அந்தக் கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கும்படி குறித்து வையுங்கள். வழியில் இணைப்பு போன பிறகு அதைச் செய்ய முடியாது.

25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைப் பலர் சொல்வார்கள். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் அது நடக்காது. பதினெட்டாம் நிமிடத்தில் யாராவது கூப்பிடுவார்கள், நீங்கள் எரிச்சலோடு எழுந்து போவீர்கள்.

5. வீட்டில் சொல்வது

"நான் கொஞ்சம் எழுதணும்" என்று சொல்லாதீர்கள். அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் சங்கடம். "ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் மாடியில இருப்பேன், வந்து காய் நறுக்கித் தரேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு எழுந்து வாருங்கள். இரண்டு நாள் சொன்னபடி வந்தால் மூன்றாம் நாள் உங்கள் மாமியாரே குழந்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

6. கூட்டத்தில் இருக்கும்போது

எழுத முடியாத நாட்களை வீண் என்று எண்ணாதீர்கள். வருடம் முழுக்க நாம் தனியாக உட்கார்ந்து உரையாடல் எழுதுகிறோம். இந்த நாட்களில் நான்கு தலைமுறை ஒரே கூடத்தில் பேசுகிறது. பெரியவர்கள் ஒரு கதையை எங்கே நிறுத்துகிறார்கள், இரண்டு சகோதரிகள் பழைய சண்டையை எந்தச் சொல்லால் தாண்டிப் போகிறார்கள், கேளுங்கள். அவர்கள் முன்னால் குறிப்பெடுக்காதீர்கள். ஒரு முறை என் சித்தப்பா பேசிக்கொண்டிருக்கும்போது நோட்டை எடுத்தேன், அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கதையை அவர் எனக்கு மறுபடி சொல்லவே இல்லை. இன்னொருவர் துயரத்தை அப்படியே எடுத்துக் கதையில் வைப்பதும் கூடாது. பேச்சின் தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ரகசியத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

7. திரும்பும் நாள்

குறிப்பைப் படியுங்கள். கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் படியுங்கள். எழுதி வைத்த அடுத்த வரியைத் தட்டச்சு செய்யுங்கள். அரை மணி நேரம் போதும், மோசமாக வந்தாலும் அழிக்காதீர்கள். முதல் அத்தியாயத்தைத் திறக்கக் கை துடிக்கும். ஒரு வாரம் கழித்துத் திறக்கலாம்.

பின்சேர்க்கை

இதை எழுதிய பிறகு மூன்று வாசகர்கள் கேட்டவை, பலருக்கும் உதவும் என்பதால் இங்கே.

ஒரு வாசகி எழுதினார்: "பத்து நிமிடம் மாடிக்குப் போக உங்களால் முடிகிறது. அத்தனை பேருக்கும் சமைப்பவள் நான்." அவர் சொன்னது சரி. நான் எழுதியதில் அந்த இடம் விடுபட்டிருந்தது. அவருக்கு நான் சொன்னது, கைப்பேசியின் குரல் பதிவு. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு கதாபாத்திரத்தின் குரலில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்வது. தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியையும் முயன்று பார்த்தேன், பேச்சு வழக்கில் சொற்கள் மாறி விழுந்தன, நிறுத்தக்குறிகளையும் பிறகு நானே போட வேண்டியிருந்தது. வெறும் ஒலிப்பதிவே மேல். ஆனால் அவருடைய கேள்விக்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, அந்தச் சமையலறையில் இன்னும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது. அதைக் குடும்பத்தில் பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொருவருக்குப் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டிய கெடு விடுமுறைக்கு நடுவில் வந்தது. கெடு நாளில் மன்னிப்புக் கேட்பதைவிட, மூன்று வாரம் முன்பே "இவ்வளவு முடிந்திருக்கிறது, இன்ன தேதியில் தருகிறேன்" என்று எழுதுவது நல்லது. பதிப்பகத்திலும் விடுமுறைதான், அந்தக் கோப்பை அன்றே யாரும் திறக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது வாசகர், 'நான்' என்று தன்மையில் கதை சொல்பவர். குறிப்பு எல்லாவற்றையும் நினைவூட்டியது, குரல் மட்டும் திரும்பவில்லை என்றார். விடுமுறைக்கு முன்பு நாவலில் உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் பயணத்தில் கேளுங்கள் என்று சொன்னேன். போன வருடத்திலிருந்து நானும் அதை மூடும் நாள் வேலைகளில் சேர்த்துக்கொண்டேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் சாவியை மேசையில் வைக்கும் பக்கம் அது. அவள் எந்த அறையைத் திறந்தாள் என்பதை இப்போது மறப்பதில்லை.