பழைய கல்தொட்டியில் மறுபடி தண்ணி நிற்க

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகளும் மாடுகளும் வரும். அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் பழைய கருங்கல் தொட்டியைத் தயார் செய்வதென்றால் 2 மாதம் முன்பே இறங்க வேண்டும். ஒழுகும் இடத்தை அடைக்கும் சுண்ணாம்புக் காரை இறுகவே ஒரு மாதம் ஆகும்.

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28-ஆல் பெருக்கினால் லிட்டர். 6 அடி, 2 அடி, ஒன்றரை அடித் தொட்டி சுமார் 500 லிட்டர். குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 45 லிட்டர் வேண்டும். வெயிலில் இன்னும் கூடும்.

தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டு, தார்ப்பாயால் மூடி ராத்திரி விடுங்கள். மூடாவிட்டால் காற்று குடித்ததையும் ஒழுக்கு என்று நினைத்துவிடுவீர்கள். காலையில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் ஒழுக்குதான். கல் அநேகமாகக் குற்றவாளி அல்ல, கல்லும் கல்லும் சேரும் சந்துதான். அதிலும் யாராவது சிமெண்ட் பூசிய சந்து. வெயிலில் கல் விரிந்து சுருங்கும்போது சிமெண்ட் வளைந்து கொடுக்காது. ஓரத்தில் முடி அளவு விரிசல் விடும். மெல்லிய உளியால் அதைச் சுரண்டி எடுங்கள். தொட்டியின் முகத்தில் எழுத்து வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் உளியோ பெயிண்டோ போகக் கூடாது. பக்கத்தில் ஆவுரிஞ்சுகல் (மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல்) நின்றால் அதையும் அசைக்காதீர்கள்.

காரைக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஒரு பங்கு சலித்த செங்கல் தூள், 2 பங்கு மணல். செங்கல் தூளை விட்டுவிட்டால் வேலையே வீண்: வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும், தண்ணிக்கடியில் இறுகாது. பிசைய, கடுக்காய் ஊறிய தண்ணியில் கொஞ்சம் வெல்லம். கல் சந்துகளை நனைத்துவிட்டு, காரையை அழுத்தி அடையுங்கள். 2 வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள், வெயில் பட்டால் வெடிக்கும். அதற்குப் பிறகு இன்னும் 2 வாரம் கழித்து நிரப்பி, முதல் 2 தண்ணியைக் கொட்டிவிடுங்கள், காரம் இருக்கும்.

பாசிக்கு 15 நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டால் போதும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வேண்டாம்; அதே தொட்டியில் செம்மறியும் குடிக்கும், அதற்குச் செம்பு விஷம். பினாயிலும் வேண்டாம். வாடை அடித்தால் குதிரை வாய் வைக்காது, குடிக்காத குதிரைக்கு வயிற்றுவலி வரும். சந்தை இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை தண்ணியை வடித்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டுவைத்தால் கொசுப்புழு கொசுவாகிவிடும்.