கால்நடை ஆய்வாளரா புதுசா சேருறீங்களா? மொத வருசத்துக்கு இத மனசுல வச்சுக்கங்க

பயிற்சி முடிச்சு கால்நடை ஆய்வாளரா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். நான் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிளை நிலையங்கள்லயே ரொம்ப வருசம் ஓட்டுனவன். 11 மாசப் பயிற்சில ஊசி போட, சினை ஊசி போட, ரெஜிஸ்டர் எழுதன்னு எல்லாம் சொல்லிக் குடுத்துருவாங்க, அதப் பத்தி கவலப்படாதீங்க. ஆனா ஒண்ணு மட்டும் அங்க கிடைக்காது. ஒரு வீட்ல மாடு படுத்துருச்சு, ஆடு கழியுதுன்னா அவங்க மொதல்ல யாருக்குப் போன் போடுறாங்க? வியாபாரிக்கா, உங்களுக்கா? வியாபாரிக்குன்னா நீங்க போய்ச் சேருறதுக்குள்ள நோய் வண்டி ஏறி அடுத்த சந்தைக்குப் போயிருச்சுன்னு வச்சுக்கங்க.

இத நான் தப்பு பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சேந்த புதுசுல ஒரு ஊர்ல ஒரு அப்பத்தா மாட்டுக்குக் காணை, அதான் கோமாரி, வந்துருச்சு, முந்துன சுத்துல ஊசி போட விடாம மாட்ட மறைச்சு வச்சிருந்தாக, நான் டீக்கடை முன்னாடி நாலு பேரு பாக்க அவங்கள வஞ்சுட்டேன், "அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு. அவங்க ஒரு வார்த்தை பேசல. அடுத்த வருசம் அதே தெருவுல ஒரு மாட்டுக்கு வாய்ல புண்ணு, எச்சி ஒழுகுது, யாருமே எனக்குச் சொல்லல, பொழுது விடியுமுன்ன ஓட்டிட்டுப் போய் வித்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்சப்ப மூணு ஊர்ல பரவிருச்சு, பால் குடிச்ச கன்னுக எத்தனையோ செத்துச்சு. காணை வந்தா பெரிய மாடு பெரும்பாலும் பொழச்சுக்கும், கன்னுக்கு அது நெஞ்சத் தாக்கி நின்ன நிலையில சாகடிச்சுரும். அந்தக் கன்னுகள நான் இன்னும் மறக்கல. அதனால மொதப் பாடம், நோயோட வர்றவங்கள வையாதீங்க. சொல்ல வேண்டியத அவங்க தொழுவுல வச்சு, மாட்டத் தடவிக்கிட்டே, தனியாச் சொல்லுங்க.

சேந்த மொத மாசம் பையத் தூக்காம ஊர் ஊராப் போய்ட்டு வாங்க. யார் வீட்ல எத்தன மாடு, கறவை எது, செனை எது, எந்தக் குளத்துல தண்ணி காட்டுறாங்க, எந்தப் புஞ்சையில கிடை போடுவாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பால் சொசைட்டி செக்ரட்டரிய கண்டிப்பாப் பழகிக்கங்க, எந்த வீட்டுப் பால் திடீர்னு குறையுதுன்னு டாக்டருக்கு முந்தி அவருக்குத்தான் தெரியும். அதே மாதிரி கறிக்கடைக்காரர், ஆட்டு வியாபாரி, கோயில் மாட்டப் பாத்துக்கிறவர். இவங்க மூணு பேரும் உங்களப் பாத்தா ஒதுங்கிப் போகாம நின்னு பேசுற அளவுக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சது. வீடுகளுக்குப் பால் கறக்குற நேரத்துல போங்க, காலைல 5 மணிக்கு மாடும் இருக்கும் ஆளும் இருக்கும், 10 மணிக்கு மேல போனா பூட்டுன கதவத்தான் பாப்பீங்க.

கிடை மாடு வேற கணக்கு. நம்ம பக்கம் புலிக்குளம் மாடுகள கிடை கிடையா வச்சு அறுப்பு முடிஞ்ச வயல்ல அமத்துவாங்க, இன்னைக்கு இங்க, அடுத்த வாரம் சிவகங்கைப் பக்கம். உங்க எல்லைக்குள்ள இருக்குற அந்த நாலு நாள்லதான் ஊசி போடணும், மேய்ச்சலுக்கு அவுக்குறதுக்கு முன்னாடி இருட்டோட போகணும், அதுக்கு கிடைய நடத்துற கீதாரிகிட்ட முந்துன நாளே பேசி வச்சுருங்க. அவரு ஒரு குரல் குடுத்தா மாடு அப்படியே நிக்கும், நீங்க பத்து பேரக் கூட்டிட்டுப் போனாலும் அது நடக்காது.

இப்ப ஊசி விசயம். காணைக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை, கன்னுக்கு 4 மாசம் முடிஞ்சதும் மொத ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் எல்லா மாட்டோடயும் சேத்துரலாம். 2019ல மத்திய அரசு தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டு வந்ததுல இருந்து 12 இலக்க காதுத் தோடு, ஆன்லைன் பதிவு எல்லாம் சேந்து வருது. ஜனங்க சொல்ற எதிர்ப்பு எப்பவும் ஒண்ணுதான், "ஊசி போட்டா பால் குறைஞ்சுரும் சார்". குறையாதுன்னு பொய் சொல்லாதீங்க. ரெண்டு மூணு நாளைக்குக் கொஞ்சம் குறையலாம், லேசா காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம், அப்புறம் பழையபடி வந்துரும், ஆனா காணை வந்தா அந்த ஈத்துப் பாலே போயிரும்னு நேராச் சொல்லுங்க. முன்னாடியே சொல்லிட்டா மறுநாள் பால் குறைஞ்சாலும் "சார் சொன்னாருல்ல"ம்பாக, சொல்லாம விட்டா அடுத்த சுத்துக்கு மாட்ட மறைச்சுருவாக. நிறை செனை மாட்டக் கீழ தள்ளி இழுத்துப் போராடி ஊசி போட வேண்டாம், தனியா எழுதி வச்சு ஈனுன பிறகு வந்து போடுங்க, மறக்காம வரணும்.

மருந்து 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும். இது எல்லாரும் சொல்றதுதான், ஆனா மதுரை சித்திரை வெயில்ல பைக் பெட்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சூடு பட்டா கெட்டுரும்னு எல்லாருக்கும் தெரியும், காணைத் தடுப்பு மருந்து உறைஞ்சாலும் கெட்டுரும், அதத்தான் நிறையப் பேரு விட்டுர்றாங்க. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்க அப்படியே மருந்துப் பாட்டில் மேல வைக்காதீங்க, வெளிய கொஞ்ச நேரம் வச்சு வேர்த்த பிறகு பேப்பர் சுத்தி வையுங்க. கரண்ட் கட் ஆன நாள எழுதி வைங்க. செத்த மருந்த 200 மாட்டுக்குப் போட்டுட்டு எல்லாத்துக்கும் போட்டாச்சுன்னு பதிவு பண்ணுனா, நோய் வர்றப்ப ஊர் நம்பிக்கை மொத்தமா போயிரும், "ஊசி போட்டும் வந்துச்சே"ன்னு ஒரு வார்த்தை போதும். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி முனை, இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

கன்று வீச்சு நோய் (புருசெல்லா) ஊசி 4ல இருந்து 8 மாசக் கிடேரிக் கன்னுக்கு மட்டும், வாழ்நாள்ல ஒரே தடவை. காளங்கன்னுக்கும் செனை மாட்டுக்கும் கிட்டக் கொண்டு போகவே கூடாது. அது உயிருள்ள கிருமி மருந்து, உங்க கைல குத்துனாலோ கண்ணுல தெறிச்சாலோ உங்களுக்கே நோய் வரும், அதனால கையுறை, கண்ணாடி இல்லாம பாட்டிலத் திறக்காதீங்க. நஞ்சுக்கொடி விழாத மாடு, மாசம் முழுசா ஆகாம கன்னு வீசுன மாடு, இதையெல்லாம் வெறுங்கையில தொடுறதையும் இன்னைக்கே விட்டுருங்க.

சினை ஊசி பத்தி சுருக்கமா. பருவத்துக்கு வந்து காலைல கத்துற மாட்டுக்கு சாயங்காலம், சாயங்காலம் கத்துனதுக்கு மறுநாள் காலைல. விந்துக் குச்சிய மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன்ல இருந்து எடுத்தா 37 டிகிரி தண்ணில 30 செகண்ட், கண்ண மூடிக்கிட்டு அந்தாசாப் போடாம தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. 21 நாள் கழிச்சு மாடு மறுபடி கத்துதான்னு பாத்து சொல்லச் சொல்லுங்க.

ஆட்டுக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு ஒரு தடவையாவது வேலையா இல்லாமச் சும்மா போய்ப் பாருங்க, தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்துன வாரம் போனா இன்னும் நல்லது. எங்கெங்கயோ இருந்து வந்த ஆடுக ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நிக்கும், ஆட்டுக்கொல்லி நோய் எப்படிப் பரவுதுன்னு புத்தகம் இல்லாமலே புரிஞ்சுரும். கண்ணுலயும் மூக்குலயும் சளி, வாய்க்குள்ள புண்ணு, காய்ச்சல், கழிச்சல், இருமல், இதுல ரெண்டு மூணு சேந்து ஒரே பட்டியில நாலு ஆட்டுக்கு இருந்தா வெறும் கழிச்சல்னு விடாதீங்க. வாங்கிட்டு வந்த ஆட்ட 3 வாரம் தனியாக் கட்டச் சொல்லுங்க, பெரும்பாலும் இடம் இல்லம்பாக, அப்ப கொல்லையில ஒரு மரத்தடிய நீங்களே காட்டிக் குடுத்துட்டு வாங்க. ஆட்டுக்கொல்லி ஊசி தோலுக்கு அடியில 1 மில்லி, கலக்குன மருந்த 2 மணி நேரத்துக்குள்ள முடிச்சுரணும், வெயில்ல வைக்கக் கூடாது.

தை மாசம் வந்தா அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு ஜல்லிக்கட்டுக் காளை வேலை. சான்று குடுக்குறது டாக்டர், நீங்க கூட இருப்பீங்க. காளை வளக்குறவங்களுக்கு அது பிள்ளை மாதிரி, ஜனவரில போய் ஊசின்னு நின்னா யாரும் விட மாட்டாங்க, கார்த்திகைக்குள்ள முடிச்சுருங்க. காளைய அந்த வீட்டு ஆளே பிடிக்கட்டும், நீங்க பக்கவாட்டுல நில்லுங்க.

இப்ப ரொம்ப முக்கியமான ரெண்டு விசயம்.

ஒண்ணு, வெறிநோய். ஒரு தடவை "மாட்டுக்குத் தொண்டையில ஏதோ சிக்கிருச்சு சார், தண்ணி இறங்கல, எச்சியா ஒழுகுது"ன்னு கூப்ட்டாங்க, நான் கைய உள்ள விட்டுப் பாத்துட்டேன், விரல்ல ஏற்கனவே கீறல். ஒண்ணும் சிக்கல. ரெண்டு நாள்ல அந்த மாடு வெறி பிடிச்சு முட்டிச் செத்துச்சு, ஒரு மாசத்துக்கு மேல முன்னாடி நாய் கடிச்சத அப்பத்தான் சொன்னாங்க. எனக்கும் அந்த வீட்ல எச்சி பட்ட எல்லாருக்கும் 0, 3, 7, 28ஆம் நாள்னு ஊசி. அந்த 28 நாளும் என் வீட்ல யாரும் சரியாத் தூங்கல. அதனால எச்சி ஒழுகுது, குரல் மாறிருச்சு, தண்ணி இறங்கலன்னா மொதல்ல கேக்க வேண்டியது நாய் கடிச்சுச்சாங்கறதுதான். கையுறை இல்லாம வாய்க்குள்ள கை வேண்டாம். எச்சி பட்டுட்டா சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேலைல சேந்தவுடனே முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கங்க.

ரெண்டாவது, அடைப்பான், அதான் ஆந்த்ராக்ஸ். நேத்து நல்லா மேஞ்ச மாடு காலைல செத்துக் கிடக்கு, வயிறு உப்பி, மூக்குலயும் ஆசனவாய்லயும் உறையாத கருப்பு ரத்தம். தொடாதீங்க, யாரையும் அறுக்க விடாதீங்க. ஏன்னு ஊருக்குப் புரியுற மாதிரி சொல்லணும், உடம்பு மூடி இருக்குற வரைக்கும் கிருமி உள்ளேயே அழுகிச் செத்துரும், அறுத்துக் காத்துப் பட்டா வித்தா மாறி மண்ணுக்குள்ள பல வருசம் உசுரோட கிடக்கும், அறுத்தவன் கைலயும் கருப்புப் புண்ணு வரும். உடனே டாக்டருக்கும் மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கும் சொல்லுங்க, சாம்பிள் எடுக்குறது அவங்க வேலை. அதுவரைக்கும் நாய், காக்கா அண்டாம ஆள் நிக்கணும். ஏழை வீடுன்னா கறிக்காரர் ஏற்கனவே விலை பேசிட்டு நிப்பாரு, அந்த ரூவா அவங்களுக்குப் பெரிசு, அத மறந்துட்டுச் சட்டத்த மட்டும் பேசாதீங்க. இன்சூரன்ஸ் இருக்கா, நிவாரணம் ஏதும் உண்டான்னு டாக்டர்கிட்டக் கேட்டு அன்னைக்கே எழுத ஆரம்பிச்சுருங்க.

உங்க எல்லையும் தெரிஞ்சுக்கங்க. 1984ஆம் வருச இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டர் மேற்பார்வையில சின்னச் சின்ன சிகிச்சைதான் நம்ம செய்யலாம். ஊர்ல "டாக்டர் சார்"னு கூப்டுவாங்க, அதுக்காக ஆன்டிபயாடிக் நம்ம இஷ்டத்துக்குப் போட்டுறக் கூடாது, மருந்து போட்ட மாட்டுப் பால் குழந்தைகளுக்குத்தான் போகுது. கஷ்டமான ஈத்துன்னா நேரத்தக் கடத்தாம டாக்டரக் கூப்டுங்க, இல்லன்னா 1962 நம்பர்ல நடமாடும் வண்டி இருக்கு.

கடைசியா, அந்த நோட்டு. அடைப்பான்ல செத்த மாட்ட 6 அடி ஆழத்துல சுண்ணாம்பு போட்டுப் புதைச்ச இடத்த, சர்வே நம்பர், பக்கத்துல இருக்குற கிணறு, புளியமரம் எல்லாம் குறிச்சு படம் போட்டு எழுதி வைங்க, முள்வேலி போடச் சொல்லுங்க, அங்க ஆடு மாடு மேய வேண்டாம்னு பஞ்சாயத்துல சொல்லி வைங்க. உங்களுக்கு மாறுதல் வந்துரும், நிலம் கை மாறும், மரத்தையும் வெட்டிருவாங்க. அடுத்து வர்ற ஆள்கிட்ட சார்ஜ் குடுக்குறப்ப ஃப்ரிட்ஜ் சாவியோட அந்த நோட்டையும் குடுத்து, பைக்ல ஏத்திக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு இடத்தையும் கையால காட்டிட்டு வாங்க.