நாட்டுக்கோழிகளுக்குக் காவலாக ஒரு கூஸ் வாத்து: கூட்டத்தில் சேர்க்கும் முறை

கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கீரி, பூனை, தெருநாய், காக்காய், பருந்து என்று எதிரிகளுக்குக் குறைவே இல்லை. புலம்பினால், "ஒரு கூஸ் வாத்து வாங்கி விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கூஸ் சண்டைக்காரன் இல்லை, சத்தக்காரன். காக்காயையும் பூனையையும் கழுத்தை நீட்டிச் சீறி விரட்டும். புது ஆள் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தும். இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்து வந்தாலோ அதன் உயிருக்கே ஆபத்து. ஸ்காட்லாந்தின் டம்பர்ட்டனில் பாலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குக்கு 1959 முதல் பல ஆண்டுகள் கூஸ் கூட்டம் காவல் இருந்தது. அங்கேயும் அவை பார்த்த வேலை கத்துவதுதான், திருடனைப் பிடிப்பது இல்லை.

ஆக, கத்தினால் எழுந்து போய்ப் பார்க்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் கூஸ்.

1. எதை வாங்குவது?

அலகுக்கு மேல் நெற்றியில் புடைப்பு உள்ள சீன ரகம் காவலுக்கு ஏற்றது. வெள்ளையிலும் பழுப்பிலும் வரும், சத்தமும் அதிகம். சந்தையில் மணிலா வாத்தைக் காட்டி "இதுவும் அதே மாதிரிதான்" என்பார்கள். முகத்தில் சிவப்புச் சதை முடிச்சு முடிச்சாக இருந்தால் அது மணிலா. அதற்குச் சீறத்தான் தெரியும், ஊரைக் கூட்டத் தெரியாது. வேண்டாம்.

ஒன்று மட்டும் வாங்குங்கள். ஜோடியாக விட்டால் அவை இரண்டும் தனிக் குடும்பமாகிவிடும், கோழிகளைத் திரும்பியும் பார்க்காது. தனியாக வளரும் கூஸுக்குக் கோழிதான் கூட்டம், அதனால்தான் அதற்காகக் கத்துகிறது. அதற்குக் குஞ்சிலேயே வாங்க வேண்டும். வளர்ந்த வாத்தை அதன் கூட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்தால் பழைய துணையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

ஆணா பெண்ணா என்றால், முதல்முறை வளர்ப்பவர்களுக்குப் பெண்ணே நல்லது. வளர்ந்த ஆண் 4 முதல் 5 கிலோ வரும். இணை இல்லாமல் கோழி மேல் ஏறினால் ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழி தாங்காது. குஞ்சில் பார்வைக்கு ஆண் பெண் தெரியாதுதான். வளர்ந்தபின் புடைப்பு பெரிதாகவும் குரல் கீச்சென்றும் இருந்தால் ஆண், குரல் கட்டையாக இருந்தால் பெண்.

2. கொண்டுவருவதற்கு முன்

கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். வாத்தினங்கள் தமக்கு ஒன்றும் ஆகாமலேயே அந்தக் கிருமியைச் சுமந்து வரக்கூடும். குஞ்சு வந்ததும் மூன்று நான்கு வாரம் கோழிகளிடமிருந்து தள்ளி, வேறு மூலையில் வளருங்கள். தீனித் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் தனி. முதலில் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதுக்குஞ்சிடம் போங்கள்.

3. தீனியும் தண்ணீரும்

கோழிக்குஞ்சுத் தீவனமே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், கால் வளைவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாத்துக்குஞ்சுக்கு நியாசின் (பி3 வைட்டமின்) சத்து கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (அந்தச் சத்து நிறைந்த ஈஸ்ட் தூள்) கொஞ்சம் கலந்தால் சரியாகும். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்த தீவனமா என்று மூட்டையில் பாருங்கள். அந்த மருந்துகளில் சில வாத்துக்கு ஆகாது, கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு புரதத்தைக் குறைத்து, அருகம்புல், கீரை என்று பச்சையை ஏற்றுங்கள். புரதம் மிகுந்தால் இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுக்கு அது வேண்டவே வேண்டாம். பெரிதானால் மேய்ச்சல்தான் முக்கால் சாப்பாடு.

தண்ணீர் மூக்கும் கண்ணும் நனைகிற ஆழத்தில் இருக்க வேண்டும், அலசிக்கொள்ளாவிட்டால் கண் ஒட்டிக்கொள்ளும். குளம் கட்டாயமில்லை, ஒரு பிளாஸ்டிக் பேசின் போதும். அதைக் கோழிகளின் பக்கம் வைக்காதீர்கள். வாத்து சுற்றிலும் சேறாக்கிவிடும், ஈரத்தில் கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். கோழிக்குஞ்சு அதில் விழுந்து சாகவும் செய்யும்.

4. வலைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம்

தனிமைக்காலம் முடிந்ததும் கோழிகள் மேயும் இடத்திலேயே கம்பி வலை அடித்து, வாத்தை உள்ளே விடுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், தொட வேண்டாம். வலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். முதலில் கோழிகள் எட்ட நின்று கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும், சேவல் வலையோரம் நடந்து காட்டும். வலையை ஒட்டியே கோழிகள் கிளறிக்கொண்டிருக்க, வாத்து பக்கத்தில் உட்கார்ந்து இறகு கோத ஆரம்பித்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு நாள் கணக்கு கிடையாது.

5. திறந்து விடுதல்

மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது திறங்கள். நீங்களும் அங்கேயே இருங்கள். தீனியை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் தூவுங்கள். வாத்து ஒரு கோழியைக் கொத்தித் தள்ளிவிட்டு விட்டுவிட்டால் கவலை வேண்டாம், அது இடம் பிடிப்பது. கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, இறகை அகட்டி, ஒரே கோழியைத் திரும்பத் திரும்பத் துரத்தினால் அன்றைக்குப் போதும், வலைக்குள் தள்ளுங்கள். தூக்கும்போது காலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். இறக்கையோடு சேர்த்து அணைத்து, தலை உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டால் கடிக்க முகம் எட்டாது.

குஞ்சோடு திரியும் தாய்க்கோழியைக் கொஞ்ச நாள் தனியாகவே வையுங்கள். பெரிய வாத்தின் கால் பட்டாலே சின்னக்குஞ்சு நசுங்கிவிடும்.

6. ராத்திரி

கூஸ் பரணில் ஏறாது, தரையில்தான் படுக்கும். கோழிகள் அடையும் கட்டைக்கு நேர் கீழே படுத்தால் எச்சம் முழுக்க அதன் மேல்தான், அதனால் ஓரமாக உமி பரப்பிக் கொடுங்கள். வாசலும் அகலமாக இருக்க வேண்டும். "வாத்து இருக்கிறதே" என்று ராத்திரி கதவைத் திறந்து போடுபவர்கள் உண்டு. கீரியோ மரநாயோ நுழைய ஒரு ஓட்டை போதும். கதவு, வலை, தாழ்ப்பாள் எல்லாம் முன்பு போலவே இருக்கட்டும்.

7. பருவம் வந்தபின்

முட்டையிடும் காலத்தில் சாதுவான வாத்தும் முறைக்கும். பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நின்று, கையை அகல விரித்து, நிதானமாக அதை நோக்கி நடங்கள், பின்வாங்கிவிடும். சின்னப்பிள்ளைகளை அந்த மாதங்களில் தனியாகக் கொல்லைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீடு சுவரை ஒட்டி இருந்தால் வாங்கும் முன்னரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூஸ் 15, 20 வருஷம்கூட இருக்கும், அத்தனை வருஷமும் கத்தும்.