போட்ட பணத்தை இடம் மாற்றுவது எப்படி? சிறு தொழிலுக்கான கணக்கு

லாபம் வருகிறது, கையில் காசு மட்டும் நிற்பதில்லை. சிறு தொழில் செய்பவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போட்ட பணம் எங்கோ முடங்கிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். அதை நகர்த்தும் வழியையும், பலன் வந்ததா என்று பார்க்கும் வழியையும் சொல்கிறேன்.

படி 1: பணம் எங்கே இருக்கிறது?

ஒரு தாளில் சரக்கு, வர வேண்டிய பாக்கி, இயந்திரங்கள், ரொக்கம் என்று எழுதிப் பக்கத்தில் தொகையைக் குறியுங்கள். இயந்திரத்துக்கு மட்டும், இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதை எழுதுங்கள். அன்று கொடுத்த விலையை நினைத்துக்கொண்டிருந்தால் ஓடாத இயந்திரத்தை விற்க மனம் வராது.

படி 2: எத்தனை நாள் முடங்குகிறது?

இதுதான் முக்கியம், நிதானமாகப் போடுங்கள். சரக்கு இருப்பின் மதிப்பை, ஒரு வருடத்தில் விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் சரக்கு தங்கும் நாட்கள் கிடைக்கும். அதோடு பாக்கி வசூலாகும் நாட்களைக் கூட்டி, சப்ளையர் உங்களுக்குத் தரும் தவணை நாட்களைக் கழியுங்கள்.

சரக்கு 60 நாள் தங்கி, பாக்கி வசூலாக 45 நாள் ஆகி, சப்ளையர் 30 நாள் தவணை தந்தால், 60 + 45 − 30 = 75 நாள். அதாவது போட்ட பணம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 5 முறை சுற்றிக் கைக்கு வரும், 5 சுற்று. மெதுவாகப் போகும் சரக்கைக் குறைத்து 60-ஐ 40 ஆக்கினால் 55 நாள், அதாவது 6.6 சுற்று. விற்பனை கூடாமலே, அதே வியாபாரத்தைக் குறைந்த பணத்தில் நடத்தலாம். கடனில் நடத்துபவருக்கு வட்டியும் குறையும். ஆனால் வேகமாக ஓடும் சரக்கில் கை வைக்காதீர்கள். கேட்ட பொருள் இல்லையென்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

படி 3: விடுபட்ட பணத்தைக் கொஞ்சமாகப் போடுங்கள்

புது இயந்திரம் தேவையா? முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அப்புறம் விலையை, அதனால் மாதம் கூடுதலாகக் கையில் நிற்கும் பணத்தால் வகுங்கள். போட்டது திரும்ப 24 மாதம் ஆகும் என்றால், 6 மாதத்தில் அடைக்க வேண்டிய கடனில் அதை வாங்காதீர்கள். நல்ல இயந்திரமாகவே இருந்தாலும் தவணை கழுத்தை நெரிக்கும்.

படி 4: பலனை அளந்து பாருங்கள்

மொத்தச் சொத்து 100, வருட லாபம் 15 என்றால் வருவாய் 15 சதவீதம். லாபம் குறையாமல் சொத்தை 75 ஆக்கினால் அதே 15, இப்போது 20 சதவீதம். புது இயந்திரம் வாங்கியிருந்தால் தேய்மானம் (இயந்திரம் பழசாவதற்காக வருடாவருடம் கணக்கில் கழிக்கும் தொகை) லாபத்தைக் குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம், ரொக்க வரவையும் சேர்த்துப் பாருங்கள். சீசன் தொழில் என்றால் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.